யாரும் கேளாத அபிப்பிராயம்

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் எமது தங்கை குடும்பத்தோடு வாழ்கின்றாள். பல்லறோ என்னும் பழைய சந்தையைச் சூழ்ந்த ஒடுங்கிய தெருக்களிலே, போர்க்காலத்தில் எமது நாட்டைவிட்டுப் புறப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் பல குடியேறியுள்ளன. வீட்டு வேலையும் முதியோர் பராமரிப்புமே அவர்களுட் பலரின் சீவனோபாயம். தங்கையும் பல ஆண்டுகளாக ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டிலே சமையலும் துப்புரவும் செய்து வருகின்றாள். அந்த அம்மையாரை வீதியிலுள்ளோர் யாவரும் 'மாயெஸ்த்ரா' என்றே அழைப்பர். இத்தாலிய மொழியில் ஆசிரியை என்பது அதன் பொருள். சென்ற மாரிகாலத்தில் சில வாரங்கள் தங்கையுடன் தங்கியிருந்தபோது, ஆசிரியத் தொழில் செய்தவர் என்ற உறவைக் கொண்டு அவர் எம்மையும் தமது வீட்டிற்கு அழைத்தார். அங்கு ஒரு மாலைப்பொழுதில் பார்த்த பழைய திரைப்படம் ஒன்றைப் பற்றியும், அதனைப் பார்த்தவர்கள் கூறியவை பற்றியுமே இங்கு எழுத முற்படுகின்றோம்.

படத்தின் பெயர் 'லா புறுஸ்தா ஏ இல் கோர்ப்போ'. 'சாட்டையும் உடலும்' எனத் தமிழிற் கூறலாம். 1963இல் மாரியோ பாவா நெறிப்படுத்தியது. பேயும் காமமும் கலந்த கதை. முற்போக்கு ஏடொன்றிலே இத்தகைய படத்திற்கு என்ன இடமென வாசகர் வினவுதல் கூடும். எமக்கும் அந்த ஐயம் இருந்தது. மாயெஸ்த்ரா கூறிய ஒரு செய்தியே அதனைத் தளர்த்தியது.

1963ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அவருக்கு வயது இருபது. ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த காலம். தந்தையோடு கடைவீதியால் வரும்போது இப்படத்தின் சுவரொட்டி ஒன்றின் முன்னே கணப்பொழுது நின்றுவிட்டாராம். தந்தை யாதும் பேசவில்லை. பலர் பார்த்திருக்க, மகளின் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "படத்தைப் பார்த்ததற்காக அல்ல, சுவரைப் பார்த்ததற்காக அடிவாங்கியவள் நான்" என்று கூறி அவர் சிரித்தார். அடுத்த ஆண்டிலே அவருடைய தமையன் நண்பர்களுடன் சென்று அதே படத்தைப் பார்த்துவந்தார். அவரை எவரும் அடிக்கவில்லை. ஆண்டுகள் அறுபதுக்கு மேல் கடந்தும் அந்த அம்மையார் அப்படத்தைப் பார்த்ததில்லை. இதனைக் கேட்ட எமது மருமகள், தங்கையின் மகள், பல்கலைக்கழகத்திற் பயில்பவள், எங்கோ தேடி அதன் முழுமையான பிரதி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டாள்.

படத்தினுள் நுழையுமுன் அதன் பிறப்பைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும்.

இத்தாலியிலே பேய்ப்படம் என்பது காலந்தாழ்த்தி வந்த சரக்கு. பாசிச ஆட்சிக் காலத்தில் அதற்கு இடமே இருக்கவில்லை. யுத்தம் முடிந்தபின் உலகம் போற்றிய இத்தாலியப் படங்கள் வேலையற்றவனின் துவிச்சக்கர வண்டியையும் மீனவரின் வலையையும் பற்றியவை. 1957இல் றிக்கார்டோ பிறேடா என்பவர் 'இ வம்பிரி' என்ற படத்தை எடுத்தார். பேசும் படக் காலத்தில் இத்தாலி கண்ட முதற் பேய்ப்படம் அதுவே என்பர். பிறேடா இடைநடுவில் விட்டுச்செல்ல, ஒளிப்பதிவாளராக இருந்த பாவாவே எஞ்சியதை எடுத்து முடித்தார். படம் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதற்குப் பிறேடா ஒரு கதை சொல்வதுண்டு. சான் றேமோ நகரிலே படமாளிகையின் முன்றலில் நின்று வருவோரைக் கவனித்தாராம். மக்கள் ஆவலோடு வந்து படங்களைப் பார்ப்பர். பின்னர் நெறியாளரின் பெயரை வாசிப்பர். இத்தாலியன் எடுத்ததா, அப்படியானால் வேண்டாம் எனத் திரும்பிவிடுவர். அன்றிலிருந்து அவர் றொபேட் ஹம்ப்டன் என்ற ஆங்கிலப் பெயரைப் பூண்டார்.

இந்தக் கதையிலே நகைச்சுவை மாத்திரம் உண்டென்று கொள்ளுதல் தவறு. ஒரு நாட்டு மக்கள் தமது நாட்டவனின் கைத்திறனைப் பாராமலே ஒதுக்கி, அந்நியப் பெயரைக் கண்டதும் காசு கொடுக்கின்றனர். அந்த மனநிலையை நாமும் அறிவோம். 'சாட்டையும் உடலும்' படத்திலும் இதுவே நடந்தது. மாரியோ பாவா 'ஜோன் எம். ஓல்ட்' ஆனார். கதையெழுதிய ஏர்னஸ்தோ கஸ்தால்டி 'ஜூலியன் பெரி' ஆனார். இசையமைத்த கார்லோ றுஸ்திக்கெல்லி 'ஜிம் மர்பி' ஆனார். உண்மையான ஆங்கிலேயராக இருந்தவர் நடிகர் கிறிஸ்தோபர் லீ ஒருவரே. பிரித்தானியாவில் 1958இல் வெளிவந்த டிராகுலா படத்தினால் அவர் புகழ்பெற்றிருந்தார். ஆனால் இதன் ஆங்கிலப் பிரதியிற் கேட்பது அவருடைய குரலன்று, வேறொருவர் பேசியது. பெயரும் பொய், குரலும் பொய். வியாபாரத்தின் விதி அதுதான்.

இனிக் கதை. கடலோரத்துக் கோட்டை ஒன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய காலம். பிரபு மென்லிப்பின் மூத்த மகன் குர்ட் நெடுநாளின் பின் குதிரையேறி வீடு திரும்புகின்றான். அவன் ஊரைவிட்டு ஓடியதற்குக் காரணம் உண்டு. வேலைக்காரி ஜோர்ஜாவின் மகள் தான்யாவை அவன் கெடுத்தான். அவள் கட்டாரியாற் குத்திக்கொண்டு இறந்தாள். அக்கட்டாரியைத் தாய் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காத்து வருகின்றாள். குர்ட்டுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த நெவெங்கா இப்போது அவனுடைய தம்பி கிறிஸ்தியானோவின் மனைவி. கிறிஸ்தியானோவோ காத்யா என்ற வேறொருத்தியை விரும்பியவன். தந்தையின் சொல்லுக்குப் பணிந்து நெவெங்காவை மணந்தவன். கடற்கரையிலே குர்ட் நெவெங்காவைத் தனியே கண்டு சாட்டையால் அடிக்கின்றான். அவள் அலறுகின்றாள்; பின் அவனையே தழுவுகின்றாள். அன்றிரவு தான்யாவின் கட்டாரியாற் குர்ட் கொல்லப்படுகின்றான். அதன்பின் அவனுடைய ஆவி நெவெங்காவின் அறைக்கு வருகின்றது. தரையிற் சேற்றுக் காலடிகள். சாளரத்தில் மோதும் மரக்கிளையின் ஓசை சாட்டையின் ஓசையாகக் கேட்கின்றது. பச்சை ஒளியில் ஒரு கை எம்மை நோக்கி நீள்கின்றது. முடிவிலே கல்லறையைத் திறந்து பார்த்தால் குர்ட்டின் உடல் எப்போதோ அழுகிவிட்டது. ஆவி என ஒன்று இல்லை. கொன்றவள் நெவெங்காவே. அவனைத் தழுவுவதாக எண்ணித் தன்னையே குத்திக்கொண்டு அவள் மடிகின்றாள்.

நெவெங்காவாக நடித்த டலியா லவி பாலஸ்தீனத்திலே 1942இற் பிறந்த யூதப் பெண். படம் எடுக்கப்பட்டபோது அவருக்கும் வயது இருபது. சுவரொட்டியைப் பார்த்து அறைவாங்கிய பெண்ணுக்கும் சுவரொட்டியிலே நின்ற பெண்ணுக்கும் ஒரே பிராயம்.

1962இல் இத்தாலி தணிக்கைச் சட்டத்தைத் திருத்தியிருந்தது. 'நல்லொழுக்கம்' என்ற ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு, பதினான்கு வயது, பதினெட்டு வயது என இரு எல்லைகள் வகுக்கப்பட்டன. இப்படம் பதினெட்டுக்கு உட்பட்டோருக்குத் தடையுடன் 1963 ஓகஸ்டில் வெளிவந்தது. சில வாரங்களில் ஆபாசக் குற்றச்சாட்டின்மேற் கைப்பற்றப்பட்டுப் பின் வெட்டுண்டு திரும்பியது. பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றபோது சாட்டையடிக் காட்சிகள் அநேகமாக அற்றுப்போயின. சாட்டையை நீக்கிவிட்டால் அக்கதையில் எஞ்சுவது என்ன? அமெரிக்காவில் 1965இல் அதற்கு இட்ட பெயரே 'என்ன!' என்பது. பார்த்தவர்களும் அதையே கேட்டிருப்பர். கத்தரிக்கோல் செய்த குழப்பத்திற்குக் கலைஞனே பழி சுமந்தான். முழுப்பிரதி மீண்டும் மக்கள் கைக்கு எட்டுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் சென்றன.

அன்றைய விமர்சகர்களின் நிலை என்ன? இத்தாலிய இடதுசாரிகளின் திரைப்பட ஏடுகளில் முதன்மையானது குயிதோ அறிஸ்தார்க்கோ 1952இல் தொடங்கிய 'சினேமா நுவோவோ'. யதார்த்தவாதத்தை உரைகல்லாகக் கொண்ட அவ்வட்டத்தினர் பேய்ப்படங்களைப் பொருட்படுத்தவில்லை. பாரிஸ் நகரிலோ 1962இல் தோன்றிய 'மிடி-மினுயி பன்டஸ்டிக்' என்ற ஏடு இத்தாலியப் பேய்ப்படங்களைத் தலைமேல் தூக்கிவைத்துக் கொண்டாடியது. ஒரு சாரார் பாராது ஒதுக்கினர். மறுசாரார் கனவென்றும் கவிதையென்றும் போற்றினர். நடுவிலே அந்தோனியோ கிராம்சியின் குரலை இருவரும் மறந்தனர் என்றே எமக்குத் தோன்றுகின்றது. சிறையிலிருந்து எழுதிய குறிப்புகளிலே அவர் மலிவான தொடர்கதைகளைப் பற்றி மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துள்ளார். மக்கள் எதனை விரும்பி வாசிக்கின்றனரோ அதனுள்ளே அவர்களின் ஏக்கமும் அவமானமும் புதைந்து கிடக்கும். ஆதலால் அதனை ஏளனம் செய்வோன் மக்களையே அறியான் என்பது அவர் கொண்ட கருத்தின் சாரம்.

நிற்க. அன்றைய மாலைக்கு வருவோம்.

மாயெஸ்த்ராவின் தமையனாரும் வந்திருந்தார். புகையிரதத் தொழிலாளியாக வாழ்க்கையைக் கழித்தவர். தொழிற்சங்கத்திலும் கம்யூனிஸ்டுக் கட்டியிலும் நெடுங்காலம் உழைத்தவர். மருமகள் எமது பக்கத்திலிருந்து வசனங்களை மெல்லிய குரலில் தமிழாக்கினாள். மருமகளோடு இத்தகைய படத்தைப் பார்ப்பது எப்படியென்று நாம் கூச்சப்பட்டதுண்டு. ஆனால் இன்றைய அளவுகோலின்படி அதிலே மறைக்க வேண்டியது அதிகமில்லை. கிழிந்த மேலாடையும் வெற்று முதுகுமே அதன் உச்சம். அச்சமும் மோகமும் நீலமும் ஊதாவுமான ஒளியிலேயே எழுதப்பட்டிருந்தன.

படம் முடிந்ததும் தமையனாரே முதலிற் பேசினார். 1964இல் அவர் அதனைப் பார்த்தது மூன்றாந்தரப் படமாளிகை ஒன்றில். பெருநகரங்களின் உயர்ந்த மாளிகைகளில் ஓடித் தேய்ந்த பிரதிகள் ஈற்றில் வந்துசேரும் இடங்கள் அவை. மரக்கதிரை, சிகரெட்டுப் புகை, மலிவான சீட்டு. 1955இல் மாத்திரம் இத்தாலியில் எண்பத்தொரு கோடியே தொண்ணூறு இலட்சம் சினிமாச் சீட்டுகள் விற்பனையாயின. நாட்டின் சனத்தொகையோ ஐந்து கோடியை எட்டவில்லை. அத்தகைய மாளிகைகளிலே கூலியாளனும் பட்டறைப் பையனும் தமது மாலைகளைக் கழித்தனர். "அந்த மண்டபத்தில் ஒரு பெண்ணும் இல்லை. நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டும் கூவிக்கொண்டும்தான் படம் பார்ப்போம். கதை எனக்கு விளங்கவே இல்லை. இப்போதுதான் விளங்குகின்றது. சாட்டையடி வெட்டப்பட்டது போக ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருந்தது. அதற்காகத்தான் போனோம்" என்றார்.

தங்கையார் அவரை நேரே பார்த்துக் கேட்டார்: "நீ கைதட்டினாயா?"

அவர் உடனே விடை கூறவில்லை. மேசைமேற் கிடந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். பின்னர், "எல்லோரும் தட்டினார்கள்" என்றார். மீண்டும் சிறிது பொறுத்து, "நானும்தான்" என்றார். கட்சிக் கூட்டத்திற்குப் போய்வந்த அதே வாரத்திலே அது நிகழ்ந்ததென்றும், அந்த இரண்டையும் இணைத்துப் பார்க்க அன்று தமக்குத் தோன்றவில்லை என்றும் அவர் சொன்னார். அவர் தம்மை மன்னிக்கும்படி கேட்கவில்லை. மறைக்கவுமில்லை. எண்பது வயதைக் கடந்த ஒரு தொழிலாளி தன் இளமையை இவ்வாறு நேர்மையாக நிறுத்துப் பார்ப்பதைக் காணும் பேறு எமக்கு வாய்த்தது.

மாயெஸ்த்ராவின் அபிப்பிராயம் வேறொரு திசையிற் சென்றது. அவர் பேயைப் பற்றிப் பேசவில்லை. வீட்டைப் பற்றிப் பேசினார். அந்தக் கோட்டையைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்தியது எனப் படம் கூறுவது ஒரு பாவனையே, அது 1963இன் இத்தாலிய வீடு என்றார். அவர் அடுக்கிய செய்திகளைப் பின்னர் நாம் சரிபார்த்துக் கொண்டோம். 1942ஆம் ஆண்டுக் குடியியற் சட்டக்கோவையின்படி கணவனே குடும்பத் தலைவன். 1975இன் குடும்பச் சட்டச் சீர்திருத்தம் வரையில் அது மாறவில்லை. மனைவியை அடித்துத் திருத்தும் உரிமை கணவனுக்கு இல்லையென நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததே 1956இற்றான். மனைவி பிறனை நாடினால் அது குற்றம்; கணவன் நாடினால், வைப்பாட்டியை வீட்டிற் கொண்டுவந்தோ ஊரறியவோ வைத்திருந்தால் மாத்திரமே குற்றம். 1961இல் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்த வேற்றுமையை நியாயமென்றே கொண்டது. 1968இற்றான் தன் கருத்தை மாற்றிக்கொண்டது. மானங்காக்க மனைவியையோ மகளையோ சகோதரியையோ கொன்றவனுக்கு மூன்று தொடக்கம் ஏழு ஆண்டுச் சிறையே தண்டனை. பெண்ணைக் கெடுத்தவன் அவளையே மணந்துகொண்டால் வழக்கே அற்றுப்போகும். இவ்விரு விதிகளும் 1981 ஓகஸ்டிலேதான் நீக்கப்பட்டன.

"இந்தச் சட்டங்களோடு இப்படத்தைப் பாருங்கள்" என்றார் அவர். "கெடுத்தவனையே விரும்பு என்று சட்டம் எங்களுக்குச் சொன்னது. நெவெங்கா அதைத்தான் செய்கின்றாள். நீதிபதி செய்யச் சொன்னால் அது கலியாணம். படத்திற் செய்தால் அது ஆபாசம்."

முடிவையும் அவர் விட்டுவைக்கவில்லை. அன்றைய இத்தாலியில் விவாகரத்து இல்லை. 1970 டிசெம்பரிலேயே அதற்குச் சட்டம் வந்தது. 1974இல் அதனை ஒழிக்கவென நடத்திய சர்வசன வாக்கெடுப்பில் நூற்றுக்கு ஐம்பத்தொன்பதுக்கு மேற்பட்டோர் சட்டத்தைக் காத்தனர். ஆனால் 1963இலே கிறிஸ்தியானோ தன் காத்யாவை அடைவதற்கு ஒரே வழி நெவெங்கா சாவதுதான். கதையும் அவளைப் பைத்தியக்காரியாக்கிச் சாகடித்து அவனுக்கு வழி திறந்து விடுகின்றது. 1961இல் பியேத்றோ ஜேர்மி எடுத்த 'இத்தாலிய முறை விவாகரத்து' என்ற படம் மனைவியைக் கொல்லத் திட்டமிடும் சிசிலிக் கனவானைப் பார்த்து நகைத்தது. பாவாவின் படமோ அதே செயலை நகையாமல், கண்ணீரோடு நிறைவேற்றுகின்றது. எது நேர்மையானதென நாமே தீர்மானிக்கலாம் என்றார் மாயெஸ்த்ரா.

பலெர்மோவிலிருந்து மேற்கே சிறிது தூரத்திலுள்ள அல்க்காமோ என்னும் ஊரையும் அவர் குறிப்பிட்டார். 1965 டிசெம்பரில் அங்கே பிறாங்கா வியோலா என்ற பதினேழு வயதுப் பெண் கடத்தப்பட்டுக் கெடுக்கப்பட்டாள். ஊர் வழக்கப்படி அவள் கெடுத்தவனை மணக்க வேண்டும். அவள் மறுத்தாள். எளிய விவசாயியான தந்தை மகளின் பக்கம் நின்றார். 1966 டிசெம்பரில் கடத்தியவனுக்குப் பதினொரு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. சிசிலியின் பெண்கள் அந்த வழக்கின் ஒவ்வொரு செய்தியையும் மூச்சடக்கி வாசித்தனராம். "சாட்டைக்கு எதிராக இந்தத் தீவிலே எழுந்த குரல் அது. அதை எந்தப் பேய்ப்படமும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை. ஒரு பதினேழு வயதுப் பிள்ளை கற்பித்தாள்" என்று அவர் கூறியபோது குரல் தழுதழுத்தது.

மருமகள் இதனை முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இளையோருக்கே உரிய துணிவோடு அவள் வாதாடினாள். நெவெங்காவை வெறும் அடிமையென்று முடித்துவிட்டால், அவளுக்கென ஓர் ஆசை இருந்ததென்பதையே நாமும் மறுப்பவர்களாவோம் என்பது அவள் கட்சி. கோட்டையிலுள்ள ஆண்கள் யாவரும் அவளைச் சொத்தைப்போல் ஒருவனிடமிருந்து மற்றவனுக்கு மாற்றுகின்றனர்; அவளுக்கு என்ன வேண்டுமென எவனும் கேட்கவில்லை. அவள் ஆசை கோணியது உண்மை. ஆனால் நேராக வளர அதற்கு இடம் எங்கே? படத்தின் பெரும்பகுதியில் நாம் அவளுடைய கண்களாற் காண்கின்றோம், அவளுடைய காதுகளாற் கேட்கின்றோம். சாட்டை பிடித்தவனின் உள்ளத்தினுள் ஒருகணமும் நுழைவதில்லை. இதனையும் கணக்கிற் கொள்ள வேண்டும் என்றாள். அவள் கூற்றிலும் உண்மையுண்டு.

இவர்கள் பேசிக்கொண்டிருக்க, எமது சிந்தை வேறோரிடத்தில் நின்றது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையிலே நின்றவர் நாம். எமது மேசையின்மேல் ஒரு பிரம்பு கிடந்தது. அதனை வெறும் அலங்காரத்திற்கு வைத்திருந்தோம் என்று சொன்னால் அது பொய். சமத்துவத்தைப் பற்றி மேடைகளிற் பேசிவிட்டு வந்து, கணக்குப் பிழைத்த பிள்ளையின் உள்ளங்கையில் அடித்திருக்கின்றோம். பிற்காலத்திலே வீதியிற் காணும் பழைய மாணவர்கள் சிலர் கைகூப்பி, "நீங்கள் அடிச்சபடியாற்றான் சேர் நான் ஆளானனான்" என்பர். அதைக் கேட்டு உள்ளங் குளிர்ந்தவர் நாம். அன்றிரவு பலெர்மோவில், சாட்டை பிடித்த கையைத் தழுவிய அந்தப் பெண்ணைப் பார்த்தபின், அந்த நன்றிமொழி எமது காதிலே வேறுவிதமாக ஒலித்தது. அடித்தவனை அடிபட்டவன் வாழ்த்தும்படி செய்வதே அதிகாரத்தின் முழுவெற்றி. நிலப்பிரபு அதனைக் குடியானவனிடமும், முதலாளி தொழிலாளியிடமும், கணவன் மனைவியிடமும், ஆசிரியன் மாணவனிடமும் எதிர்பார்க்கின்றான். அடிக்காத நாட்களிலும் சாளரத்துக் கிளையின் ஓசை சாட்டையாகக் கேட்க வேண்டும். பாவா இதனைத் தெரிந்து எடுத்தாரோ தெரியாமல் எடுத்தாரோ, அந்தக் கிளையின் ஓசையில் அது பதிந்திருக்கின்றது.

இவ்வாறு கூறுவதால் இப்படத்தை ஒரு புரட்சிப் படைப்பென நாம் போற்றுவதாக எவரும் கொள்ளவேண்டாம். அதை எழுதியவர், எடுத்தவர், விற்றவர் யாவரும் ஆண்கள். மூன்றாந்தர மாளிகையின் கைதட்டலை எண்ணியே அந்தச் சாட்டை ஓங்கப்பட்டது. ஒரு நோயின் குறியை ஒரு படைப்பு நன்கு காட்டலாம். காட்டியபடியே அந்நோயை விற்றுப் பிழைக்கவும் செய்யலாம். இரண்டும் ஒரே படச்சுருளில் ஒன்றாக இருக்கக்கூடும் என்பதே நாம் அன்று கற்ற பாடம். ஆபாசம் என்று கூறிக் கைப்பற்றியவர்களும் நோயைத் தீர்க்கவில்லை. கடத்தியவனைக் கட்டிக்கொள் எனக் கூறும் சட்டத்தை வைத்துக்கொண்டு, சாட்டையைக் காட்டிய படத்தை மாத்திரம் பூட்டிவைத்தனர்.

இத்துடன் இக்கட்டுரை முடிந்திருக்கும். முடிந்ததென்றே எண்ணி நாம் எழுந்தோம்.

வீடு திரும்பும் வழியில், பல்லறோச் சந்தையின் மூடிய கடைகளுக்கு நடுவே, தங்கை எமக்குச் சிறிது பின்னால் நடந்து வந்தாள். அவளும் அன்று அந்த வீட்டில் இருந்தவள்தான். கோப்பி கொண்டுவந்து வைத்தாள்; கோப்பைகளை எடுத்துச் சென்றாள்; இடையிடையே கதவருகில் நின்று படத்தைப் பார்த்தாள். இத்தாலிய மொழி எம்மினும் நன்கு அறிந்தவள். எமக்குத் தோன்றாத ஒன்றை அவளே கூறினாள்.

"அண்ணா, அந்த வேலைக்காரியின்ர பிள்ளையை ஒருக்காலும் காட்டேல்லையே. செத்தது அவள். ஆவியா வரவேண்டியதும் அவள்தானே. ஏன் அவன் வாறான்?"

நாம் நின்றுவிட்டோம். இரண்டு மணித்தியாலம் பேசினோம். சட்டம் பேசினோம், கிராம்சியைப் பேசினோம், ஆசையையும் அடிமைத்தனத்தையும் பேசினோம். தான்யாவின் பெயரை எவரும் உச்சரிக்கவில்லை. கோட்டையிலே பிரபுவின் மகனால் அழிந்தவள் அவள். அவளுக்குப் படத்தில் முகமில்லை, குரலில்லை. கண்ணாடிப் பேழையினுள் ஒரு கட்டாரி மாத்திரமே அவளுக்குரிய ஞாபகச் சின்னம். அக்கட்டாரியையும் பிரபு குடும்பத்தின் காரியத்துக்கே கதை எடுத்துக்கொள்கின்றது. பணக்காரப் பெண்ணின் துன்பத்திற்கு நீலமும் ஊதாவுமாக ஒளி வீசிய பாவா, ஏழைப் பெண்ணின் சாவுக்கு ஒரு காட்சியும் கொடுக்கவில்லை. வர்க்கத்தைப் பற்றி வாழ்நாள் முழுதும் பேசிய தமையனாருக்கும் எமக்கும் இது கண்ணிற் படவில்லை. பிறர் வீட்டிலே வேலை செய்து மகளைப் படிப்பிக்கும் ஒரு தாய்க்குப் பட்டது.

"அங்கேயே இதைச் சொல்லியிருக்கலாமே" என்றோம்.

"என்னை ஆர் கேட்டது?" என்றாள் தங்கை.

அந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை. அவள் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தாள். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து இன்னொரு வீட்டுப் படிகளைக் கழுவ வேண்டுமென்று கூறிப் படுக்கைக்குச் சென்றுவிட்டாள். நாம் நெடுநேரம் விழித்திருந்தோம்.